பதினோராவது ஆளுக்குப் பூவாக்கு

என் அக்காள் வீட்டுக்காரர் பொங்கியண்ணனைப் போல ஒரு கோபக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோபம் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் வரும். மற்ற நாட்களில் திருப்பூரில் அப்புசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக மேஜைக்கு முன்னால் நின்று, துணியை அடுக்கடுக்காக விரித்து, வாயே திறக்காமல் வெட்டிக்கொண்டிருப்பார். அதே கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். ஒரு நாள் முழுக்க அவரிடமிருந்து நாலு வார்த்தை வந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நொய்யல் கரை மைதானத்துக்கு வந்துவிட்டால் அவரை அடக்க ஆளில்லை. அங்கே வெற்றிவேல் கால்பந்துக் கழகம் ஆடும். இவர் கரை மேல் நின்று கத்துவார்.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஆடுகிறவர்கள் எல்லாம் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறுநாள் காலையில் அதே முதலாளியின் மேஜையில் போய்க் கத்திரி பிடிக்க முடியுமா? அதனால் மரியாதையோடுதான் திட்டுவார்.

"ஏனுங்க, அது காலுங்களா, ஒலக்கைங்களா? பந்து பொறத்தாண்ட போகுதுங்க! திரும்பிப் பாருங்க சாமி!"

கரையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டியபடி அங்கும் இங்கும் நடப்பார். கண் சிவப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் மைதானத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு தேட வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து பிளீச்சிங் பவுடரை அள்ளி வந்து போட்டுவிடுவார்கள். காற்றடித்தால் ஆடுகிறவனும் அழுவான், பார்க்கிறவனும் அழுவான்.

வெற்றிவேல் கழகத்தை ஆரம்பித்தவர்கள் ஐந்து பனியன் கம்பெனி முதலாளிகள். நல்ல மனிதர்கள்தான், நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றே ஒன்று: பங்கு. நூல் வாங்கினாலும் பங்கு, கிணறு வெட்டினாலும் பங்கு, கோயிலில் நோம்பி, திருவிழா வைத்தாலும் பங்கு. கால்பந்துக் குழுவையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு இரண்டு ஆள். அதில் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. அவரவர் மகன், தம்பி மகன், மைத்துனன் என்று இரண்டு இரண்டு பேராக வந்து இறங்கினார்கள். ஒருத்தர் அனுப்பிய ஆளுக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும், கழற்றினால் பந்து தெரியாது. அவனும் ஆடினான்.

போட்டுக்கொள்கிற பனியன் கதை தனி. ஊர் முழுக்கப் பனியன் தைக்கிறோம், டீமுக்கு மட்டும் கழித்துப்போட்ட செகண்ட்ஸ். ஒருத்தனுக்கு ஒரு கை நீளம், இன்னொருத்தனுக்குக் கழுத்து தோளில் இருக்கும். முதல் மழைக்கே நீலச் சாயம் இறங்கி, ஆட்டம் முடிந்து வரும்போது எல்லார் அரைக்கால் சட்டையும் நீலமாயிருக்கும். "நம்ம டீம் ஆடி ஜெயிக்கலீன்னாலும் செரி, சாயமாச்சும் போகாம இருக்கோணும் மாப்ள" என்று மச்சான் பல்லைக் கடிப்பார்.

ஐயிரண்டு பத்து. கால்பந்துக்கோ பதினோரு பேர். மிச்சமிருந்த அந்த ஒரு இடத்துக்குப் பங்கு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். எங்களைப் போலக் கரையில் நிற்கிறவர்களின் நம்பிக்கையெல்லாம் அந்தப் பதினோராவது ஆள் மேல்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், பங்குனி மாதம் நடக்கிற கொங்கு ஷீல்டுப் போட்டியில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி ஆட்டம்வரை போய்விட்டார்கள். எதிரே கோயமுத்தூர் மில் டீம். எங்கள் கோல் கீப்பர், ஒரு முதலாளியின் மைத்துனர் மகன், கரையில் நின்ற உறம்பரை, சொந்தக்காரர் யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பந்து காலிடுக்கில் போய்விட்டது. அன்றைக்கு மச்சான் வீட்டுக்கு வரவில்லை. நேரே சிவன்மலைக்குப் போய், வெற்றிவேல் டீம் ஷீல்டு ஜெயிக்கிறவரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

விஷயம் கேட்டதும் என் அக்காள் மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "காய்ச்சலுக்கு வேண்டுவாங்க, மாடு காணாமப் போனா வேண்டுவாங்க. பந்துக்கு வேண்டிக்கிட்டு வந்த மனுசனை எங்கயாச்சும் கண்டிருக்கியா தம்பி?"

"ஒரு வருசந்தான் புள்ள. அடுத்த பங்குனிக்கு ஜெயிச்சுருவானுக" என்றார் மச்சான்.

அடுத்த பங்குனி வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு தோல்விக்கும் கமிட்டி ஒரு காரணம் சொன்னது: மைதானம் மேடு, ரெஃப்ரி கோயமுத்தூர்க்காரர், அன்றைக்கு ராகுகாலம். ஆட்களை மட்டும் மாற்றவில்லை. மச்சானின் தாடி நெஞ்சுக்கு வந்தது. முடி துணி அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பனியன் துணியில் ஒரு நாடா கிழித்துக் கொண்டை போட்டுக்கொண்டார். தெரியாதவர்கள் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்களிடம், "என்னைக் கும்புட்டு என்னங்க பண்றது? அந்தக் கமிட்டிக்காரங்களைக் கும்புடுங்க, நல்ல புத்தி வரட்டும்" என்பார்.

அப்படிக் காய்ந்து கிடந்த காலத்தில்தான் சென்னிமலை வந்தான். பக்கத்து முருகன் மலைக்குப் பெயர் அதுதான், முருக பக்தியுள்ள நெசவுக் குடும்பத்தில் பிள்ளைக்கும் அதே பெயர் வைப்பார்கள். சொந்த ஊர் சேவூர். பிளீச்சிங் பட்டறையில் வேலை. அந்த ஐந்து கம்பெனியில் எதன் ஆளும் இல்லை. ஒரு ஞாயிறு, பங்கில்லாத அந்த இடத்துக்கு ஆள் வராமல் போக, கரையோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு இறக்கினார்கள். வெறுங்காலோடு இறங்கினான். முதல் பந்தை வாங்கி, எதிரே வந்த இரண்டு பேரை நின்ற இடத்திலேயே நிற்கவைத்துவிட்டு, மூலையில் கோல் போட்டான்.

மச்சான் கத்தவில்லை. கொஞ்ச நேரம் வாயைப் பிளந்தபடி நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, முடி எறங்கிப் போச்சு" என்றார்.

அந்த வருஷம் அரையிறுதிவரை போனோம். அதில் மற்ற பத்துப் பேரும் செய்த கோளாறால்தான் தோற்றோம். அடுத்த வருஷம் நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டது. கார்த்திகையில் கமிட்டி கூடியபோது கழகத் தலைவர் அப்புசாமி முதலாளி தன் அக்காள் மகன் நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்து, படிப்பு ஏறாமல் திரும்பி வந்த பிள்ளை. தலைவரின் பங்குக்கு இரண்டு மகன்கள் ஏற்கெனவே ஆடினார்கள். அதனால் பதினோராவது இடம் அக்காள் மகனுக்கு வேண்டுமாம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது இதுதான் போலிருக்கிறது.

மற்ற நாலு பேருக்கும் மனசில்லை. ஆனால் எங்கள் ஊரில் முதலாளிக்கு முதலாளி முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்ல மாட்டார்கள். அது மரியாதையில்லை. கடைசியில் ஒருத்தர், "நாம எதுக்குங்க சொல்லோணும்? சாமிகிட்டயே பூ கேட்டுரலாமுங்க" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பெண் பார்க்க, தோட்டம் வாங்க, கிணற்றுக்கு இடம் குறிக்கப் பூவாக்குக் கேட்கிற ஜனங்கள் நாங்கள். பதினோராவது ஆளாக லெஃப்ட் அவுட் ஆடுவது யார் என்று முருகனைக் கேட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

ஆற்றோரம் இருந்த சின்ன முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை கூடினார்கள். நானும் மச்சானும் போனோம். பூசாரி சாமியின் வலது தோளில் ஒரு பூவும் இடது தோளில் ஒரு பூவும் சந்தனத்தால் ஒட்டினார். வலது விழுந்தால் சென்னிமலை, இடது விழுந்தால் நாச்சிமுத்து. எது முதலில் விழுகிறதோ அதுதான் உத்தரவு. எல்லோரும் கைகூப்பிக் காத்திருந்தோம். மச்சான் உதடு துடிக்க வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னிமலை தூணோரம் நின்றான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அடிக்கடி வெளியே பார்த்தான்.

இடது பூ விழுந்தது.

"முருகா!" என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் மச்சான் கொதித்தார். "பார்த்தயா மாப்ள? வலது பூவுக்கு எத்தனை சந்தனம் வெச்சான்? கட்டை வெரல்ல அமுக்குனான் மாப்ள, அமுக்குனான்! எடது பூவைச் சும்மா தொட்டு வெச்சான்." நானும் அந்தக் கட்டை விரலைப் பார்த்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் சாமி உத்தரவென்று ஆனபின் யார் போய்ப் பேசுவது?

தை பிறந்ததும் மச்சானின் மகள் சாரதாமணிக்கு வெள்ளகோவிலிலிருந்து ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளைப் பையன் பதவிசானவன், சாரதாமணிக்கும் பிடித்துப் போனது. அவள் அன்றைக்கு முழுக்கச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் பொன்னாத்தாள் காப்பியைக் குடித்துவிட்டு மச்சானின் கொண்டையையே பார்த்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. வேண்டுதலை முடிச்சு முடி எறக்கிட்டு மொகூர்த்தம் வெச்சுக்கலாமுங்க. சாமிக்குக் கடனை நிறுத்தி வெச்சுட்டுப் பந்தக்கால் நடறது எங்க ஊட்டுல வழக்கமில்லீங்க."

"பங்குனிக்குள்ள எறக்கிருவமுங்க" என்றார் மச்சான்.

"அப்ப வைகாசில வெச்சுக்கலாமுங்க. ஆகலீன்னா, நாங்க வேற எடம் பாக்கோணுமுங்க. பையனுக்கு அடுத்த வருசம் நாள் ஒத்து வரலீங்க."

அவர்கள் வண்டி ஏறியதும் அக்காள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அந்த ஒலக்கைக் காலனுக ஷீல்டு வாங்கி, என்ற புள்ள கழுத்துல தாலி ஏறோணுமா? இது நடக்குற காரியமா?" அடுத்த ஞாயிறு அப்பனுக்கு முன்னால் சாரதாமணியே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள். கரையில் ஒரு மரத்தடியில் நின்று, நாச்சிமுத்து பந்தை ஆற்றுக்குள் உதைக்கிறதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் மச்சான் முதலாளியின் அறைக்குப் போனார். அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டு அவர் அந்த வாசற்படி மிதித்ததில்லை. துணைக்கு நான் போனேன்.

"சாமி சொன்னதை நான் மாத்த முடியுங்களா மாஸ்டர்?" என்றார் முதலாளி, ரொம்ப மரியாதையாக.

"வேண்டாமுங்க. சாமி நாச்சிமுத்துவை ஆடச் சொல்லுச்சு, அவர் ஆடட்டுமுங்க. மத்த பத்துப் பேர்ல ஒருத்தரை ஒக்கார வெச்சுட்டு அந்தச் சென்னிமலைப் பையனை எறக்கலாமுங்களே? கண்ணாடிக்காரர் ஒருத்தர் இருக்காருங்க..."

முதலாளி முகம் மாறியது. "அது பங்குங்க மாஸ்டர். பங்குல கை வெச்சா கழகமே ஒடைஞ்சு போயிருமுங்க."

"இல்லீங்க, ஜெயிக்கோணுமுன்னா..."

"ஜெயிக்கோணுமுன்னா மனசொத்து இருக்கோணுமுங்க. இப்ப பாருங்க, அஞ்சு பேரும் எத்தனை ஒத்துமையா இருக்கோம்!"

மச்சான் வெளியே வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். கத்திரியை எடுத்தார், வைத்தார். "அடுக்குல ஒரு துணி கோணுனா நான் மொத்த அடுக்கையும் பிரிச்சு விரிப்பன் மாப்ள. இவிய கோணல் துணியா பார்த்துப் பத்து அடுக்கி வெச்சுட்டு ஒத்துமைங்கறாங்க" என்றார்.

அதற்குள் சென்னிமலையைக் கோயமுத்தூர் மில்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். நிரந்தர வேலை, டீமிலும் இடம். பஸ் நிறுத்தத்தில் அவனை வழியனுப்பப் போனோம்.

"நம்ம டீமுக்கே எதிரா ஆடோணுமாட்ட இருக்குதுங்க மாஸ்டர்" என்று அவன் தலையைக் குனிந்தான்.

"ஆடு கண்ணு. எங்கிருந்தாலும் நீ ஆடோணும். ஆடாம மட்டும் இருந்துராதே" என்றார் மச்சான். பஸ் போனபிறகு என்னைப் பார்த்து, "போச்சு மாப்ள. இனி அவனே நம்மளைத் தோக்கடிப்பான்" என்றார்.

எங்கள் ராசியைப் பாருங்கள். அந்தப் பங்குனியில் ஒரு டீம் பஸ் பழுதாகி வந்து சேரவில்லை, இன்னொரு டீமில் பாதிப் பேருக்கு அம்மை. காலே வைக்காமல் வெற்றிவேல் கழகம் கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டது. எதிரே அதே கோயமுத்தூர் மில். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். ஊர் திரண்டு வந்துவிட்டது. அக்காள் வந்தாள், சாரதாமணி வந்தாள், வெள்ளகோவிலிலிருந்து மாப்பிள்ளைப் பையனும் வந்து கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றான்.

மில் டீம் மைதானத்தில் இறங்கியது. மச்சான் எக்கி எக்கிப் பார்த்தார். சென்னிமலை அதில் இல்லை. கோட்டுக்கு வெளியே, காலில் புது பூட்ஸோடு, அறுத்த எலுமிச்சம்பழத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் கண்ணு, காலுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இல்லீங்க மாஸ்டர். நான் எக்ஸ்ட்ராவுங்க."

"எக்ஸ்ட்ராவா? உன்ற எடத்துல யாரு ஆடறது?"

"மேனேஜர் மச்சினனுங்க."

மச்சான் அவனைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். "அங்கியுமா?" என்றார்.

நியாயமாக எங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்க வேண்டும். எனக்கு இருந்தது, மறைப்பானேன்? அவன் இறங்கவில்லையென்றால் எங்களுக்கு ஒரு வழியுண்டு. சாரதாமணி கல்யாணத்துக்கு வழியுண்டு. முருகனே அந்த மச்சினனை அனுப்பினான் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அதை ஆட்டம் என்று சொல்வதற்கே நாக்குக் கூசுகிறது. எங்கள் ஆள் விட்டதை அவர்கள் ஆள் விட்டான், அவர்கள் ஆள் விழுந்த இடத்தில் எங்கள் ஆள் விழுந்தான். மேனேஜர் மச்சினன் பந்தைக் கண்டால் ஒதுங்கினான், நாச்சிமுத்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் கோல் வாய் திறந்து கிடந்தது, போட ஆளில்லை. மச்சானின் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்தது. எங்கள் டீமைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்த நாற்காலி வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏனுங்க! உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்களா? தங்கமாட்ட ஒரு பையனை எலுமிச்சம்பழம் அறுக்க வெச்சுட்டு யாரைங்க ஆட விட்டிருக்கீங்க? அவனை எறக்குங்க! இப்பவே எறக்குங்க!"

கூட்டம் திகைத்துவிட்டது. நான் பதறிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "மச்சான், அவன் எறங்குனா நாம தோத்துப் போவமுங்க! சாரதாமணி கல்யாணம்!"

அவர் சட்டென்று நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் சாரதாமணி தாயின் கையைப் பிடித்தபடி அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளுக்காக, அந்தக் கண்றாவியைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்.

முடியப் போகிற நேரத்தில் மில் டீமின் பின்வரிசை ஆள் ஒருவன் பந்தைத் தூர உதைக்கப் போனான். பிளீச்சிங் பவுடர் கண்ணில் விழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் முதுகில் பந்து மோதி, திரும்பி, உருண்டு கோலுக்குள் போய்விட்டது. தான் கோல் போட்டது நாச்சிமுத்துவுக்கே மற்றவர்கள் வந்து தூக்கியபிறகுதான் தெரியும்.

ஊர் ஆர்ப்பரித்தது. வேட்டு வெடித்தார்கள். அக்காள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஜெயிச்சாச்சு மாப்ள. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். ஏதோ துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி இருந்தது. தூரத்தில் சென்னிமலை எலுமிச்சம்பழத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மச்சான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

சிவன்மலையில் முடி இறக்கினோம். நாவிதர் கத்தி வைக்கும்போது, "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார். மச்சான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். வைகாசியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. தாய்மாமன் சீரெல்லாம் நான் குறைவில்லாமல் செய்தேன். தலைவர் அப்புசாமி முதலாளி மற்ற நாலு பேரோடு வந்து, பந்தலில் எல்லார் முன்னிலையிலும் மச்சானின் மொட்டைத் தலைக்கு நேராகக் கும்பிட்டார்.

"மாஸ்டர் வேண்டுதல்தானுங்க நம்மளை ஜெயிக்க வெச்சுது. டீமை மாத்து, மாத்துன்னு சொன்னீங்களே, மாத்தாமயே ஜெயிச்சமா இல்லையா? அடுத்த வருசமும் இதே டீம்தானுங்க. நீங்க முடியை மட்டும் விடுங்க, மத்ததை முருகன் பாத்துக்குவான்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்துக்கொண்டு, அவர் இத்தனை வருஷம் கத்திய கத்தலுக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லிவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் மச்சான் சிரித்தபடி கைகூப்பினார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், அழுதிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தலையில் முடி துளிர்க்கத் துளிர்க்க நாவிதரிடம் போய்ச் சிரைத்துக்கொண்டு வந்தார். "இனி இவனுக ஜெயிச்சா ஆட்டத்துல ஜெயிக்கட்டும். என்ற மசுருல ஜெயிக்க வேண்டாம்" என்றார். அந்தப் பளபளக்கும் தலையோடு ஞாயிறு தவறாமல் கரையில் நின்று கத்தினார்.

அடுத்த பங்குனியில், முதல் ஆட்டத்திலேயே, தாராபுரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வெற்றிவேல் கழகம் தோற்றது. எத்தனை கோல் என்று சொல்ல எனக்கே வெட்கமாயிருக்கிறது.

கமிட்டி கூடியது. இந்தத் தடவை ஏதோ முடிவெடுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. மச்சானுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அடி வாங்குனாத்தான் புத்தி வரும் மாப்ள. நாச்சிமுத்துவைத் தூக்கிருவாங்க. சென்னிமலையைத் திருப்பிக் கூப்புடுவாங்க, பாரு" என்று என்னிடம் பலமுறை சொன்னார்.

சாயங்காலம் ஐந்து முதலாளிகளும் வீட்டுக்கே வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு வந்தார்கள். அக்காள் பாய் விரித்தாள். காப்பி குடித்து முடிக்கும்வரை ஊர் நியாயம் பேசிவிட்டு, தலைவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். எல்லாருங் கூடிப் பேசுனமுங்க. நீங்க முடி விட்ட வருசம் ஜெயிச்சோம், மொட்டையா வந்து நின்ன வருசம் இப்படியாயிப் போச்சுங்க. அதனால... இனி மேட்சு அன்னிக்கு நீங்க மைதானத்துப் பக்கம் வராம இருந்தா டீமுக்கு நல்லதுங்க."

மச்சான் அந்தத் தட்டைப் பார்த்தார்.

"டீமுங்க?" என்று கேட்டார்.

"டீம் அதேதானுங்க."

அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினார். ஆளை மாத்துங்க, ஆளை மாத்துங்க என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவரை, கமிட்டி மரியாதையாக வீடு தேடி வந்து நீக்கிவிட்டுப் போனது.

அடுத்த ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தேன். பொழுதோட, சாயங்கால வேளையில், மைதானத்திலிருந்து கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சாரதாமணியை வெள்ளகோவிலுக்கு அனுப்பி வைத்த அன்றுகூட அவர் அழவில்லை.